படகின் எரிபொருள் கேஜ் தவறாகக் காட்டினால்: டேங்க் யூனிட்டைச் சோதித்து மாற்றும் முறை

கேஜ் முள் அசையாமல் நின்றுவிட்டால், உடனே புதிய டேங்க் யூனிட் வாங்க வேண்டாம். டேங்கின் மேல் பொருத்தப்பட்டிருக்கும் இந்த யூனிட் ஒரு மாறும் மின்தடைதான். எரிபொருளோடு ஏறி இறங்கும் மிதவை அந்தத் தடையை மாற்ற, அதற்கேற்ப முள் நகர்கிறது. யூனிட் நன்றாக இருந்தும் பச்சை பூத்த எர்த் ஒயர் ஒன்று இதே கோளாறைக் காட்டும் என்பதால், சோதனைதான் முதல் வேலை.

அதற்கும் முன்பு பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். எல்லா மூடிகளையும் திறந்து, அடிப்பள்ளத்துக் காற்றை வெளியேற்றும் விசிறியான பில்ஜ் புளோவரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, வாடை அறவே இல்லை என்று உறுதியான பிறகே ஒயரில் கை வையுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இக்னிஷனை அணைத்த நிலையில், யூனிட்டின் நடு டெர்மினலிலிருந்து கேஜுக்குப் போகும் ஒயரைக் கழற்றி (பல படகுகளில் அது இளஞ்சிவப்பு நிறம்), எதிலும் படாமல் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். பிறகு சாவியை அணைத்து, அதே ஒயரை எர்த்துடன் கிளிப் போட்டு இணைத்து மீண்டும் திருப்புங்கள். டேங்க் அருகே பொறி பறக்கக் கூடாது என்பதால், ஒவ்வொரு முறையும் இணைப்பை முடித்த பின்பே சாவியைத் தொட வேண்டும். முள் ஒருமுறை ஒரு கோடிக்கும், மறுமுறை மறு கோடிக்கும் போனால் கேஜும் அந்த ஒயரும் நலம்; பழுது யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. எர்த் முனையைப் பளபளக்கத் தேய்த்து இறுக்கிப் பாருங்கள். பல நேரங்களில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒயர் கழற்றிய டெர்மினலுக்கும் யூனிட்டின் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். அமெரிக்க வகையில் காலி டேங்க் சுமார் 240 ஓம், நிறைந்தது சுமார் 33 ஓம். ஐரோப்பிய வகையில் காலி 10, நிறைந்தது 180. புதிய யூனிட் உங்கள் கேஜின் வகையாகவே இருக்க வேண்டும். மாறினால் முள் தலைகீழாகக் காட்டும்.

மாற்றும்போது டேங்க் நிறைந்திருக்கக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, மூடித்தட்டைச் சுற்றியுள்ள அழுக்கை முழுவதும் துடைத்துவிட்டுத் திருகுகளை எடுங்கள். மிதவைக் கை வளைந்திருப்பதால் யூனிட்டை நேராக இழுக்காமல், சாய்த்துத் திருப்பி வெளியே எடுக்க வேண்டும். உலர்ந்த மரக்குச்சியைத் துளை வழியாக விட்டு டேங்கின் ஆழத்தை அளந்து, கையின் சுழல்மையம் அந்த ஆழத்தின் பாதியில் அமையும்படி புதிய யூனிட்டைச் சரிசெய்யுங்கள். உள்ளே விடும் முன் மல்டிமீட்டரை இணைத்து, மிதவையை விரலால் மெல்ல உயர்த்துங்கள். எண்கள் சீராக மாற வேண்டும். தாவினால் அந்த யூனிட்டைப் பொருத்தாதீர்கள்.

மூடித்தட்டில் பொதுவாக இருக்கும் ஐந்து திருகுத் துளைகள் சமதூரத்தில் இருக்காது; ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். பழைய கேஸ்கெட்டை (மூடித்தட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் வளையம்) மீண்டும் போடாதீர்கள். சாதாரண சிலிக்கான் பசையும் வேண்டாம், பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும். திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒயர்களையும் பேட்டரியையும் இணைத்து முள்ளைச் சரிபார்த்த பின், டேங்கை நிரப்பி, கேஸ்கெட்டைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரமோ வாடையோ இருந்தால், அதைச் சரிசெய்யும்வரை எஞ்சினை இயக்கக் கூடாது.