கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி: பவரில் எங்கே சறுக்குகிறோம்?

நாற்பதைத் தாண்டியவர்கள் பேப்பர் படிக்கிற கண்ணாடியையே கம்ப்யூட்டருக்கும் மாட்டிக்கொள்வதில்தான் வம்பு தொடங்குகிறது. பேப்பரை 40 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறோம். மானிட்டரோ 60, 70 செ.மீ. தள்ளி நிற்கிறது. எழுத்து மங்கும், தலை தானாக முன்னால் போகும், சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும். பழி நாற்காலி மேல்.

ஒரு தூரத்தில் பார்வையைக் குவிக்க எவ்வளவு பவர் தேவை என்பதற்குக் கணக்கு இதுதான்: 100ஐ செ.மீ. தூரத்தால் வகுக்க வேண்டும். 40க்கு 2.50 வரும், 67க்கு ஏறத்தாழ 1.50. ஒரு முழு டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வித்தியாசம்! உங்கள் சீட்டில் அடிஷன், அதாவது கிட்டத்தில் படிக்கத் தூரப் பவரோடு கூட்டும் பவர், +2.00 என்றால், கம்ப்யூட்டருக்கு +1.00, +1.25 பக்கம்தான் தேவைப்படும். தூரப் பவர் -3.00 உள்ளவருக்கு, இரண்டையும் கூட்டினால், கம்ப்யூட்டர் கண்ணாடி -2.00 அருகே வந்து நிற்கும். இது உத்தேசம்தான், லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் ட்ரையல் ஃப்ரேம் மாட்டி, அதே தூரத்தில் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்தத் தூரத்தை அளக்காமலே டெஸ்டுக்குப் போகிறோமே, அதைச் சொல்ல வேண்டும். தரமணி ஆபீசில் இரண்டு மானிட்டர் 75 செ.மீ. தள்ளி இருக்கும்; வீட்டு டைனிங் டேபிளில் லேப்டாப் 50 செ.மீ.யில். டேப் வைத்து கண்ணிலிருந்து திரைவரை அளந்து, எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். கடையில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

தூரம், நடு, கிட்டம் மூன்றுக்கும் ஒரே லென்ஸான ப்ரோக்ரெஸிவ் இருக்கிறதே என்பீர்கள். அதில் நடுத்தூரப் பகுதி ஒடுக்கமானது. மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். நாள் முழுக்கத் திரை முன்னால் இருப்பவர்கள் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது என்பேன். பாரிமுனை பிளாட்பாரத்தில் கிடைக்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் (அஸ்டிக்மாடிசத்தைச் சரிசெய்யும் பவர்) கிடையாது. அவசரத்துக்கு ஆகும், எட்டு மணி நேர வேலைக்கு ஆகாது.

சுகர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது டெஸ்ட் பண்ணாதீர்கள். பவரும் கூடவே மாறும், லென்ஸ் காசு வீண்.

இளைஞர்கள் செய்வது வேறு. டெஸ்டில் "இதுல எழுத்து கறுப்பா, பளிச்சுனு இருக்கு சார்" என்று மைனஸைக் கூட்டி வாங்கிவிடுவார்கள். கூடுதல் மைனஸ் எழுத்தைச் சிறிதாக்கிக் கறுப்பாகக் காட்டும். திரையைப் பார்க்கும்போது கண் அதிகமாக உழைக்கும். இரண்டு லென்ஸும் ஒரே தெளிவு என்றால் மைனஸ் குறைந்ததையே கேளுங்கள்.

திரையின் நீல ஒளியைக் குறைக்கும் ப்ளூ கட் லென்ஸ்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, கண் சோர்வைக் குறைப்பதில் சாதா லென்ஸைவிட அது பெரிதாக உதவுவதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தை, லென்ஸில் ஒளி பிரதிபலிப்பதைக் குறைக்கும் ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங்குக்குப் போடலாம்.