தளபாடத்தோடு வீடு வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

போன கிழமை எங்கள் சொந்தத்தில் ஒரு தங்கச்சி மட்டக்களப்பு நாவற்குடாவில் உள்ள தன் வீட்டைத் தளபாடத்தோடு வாடகைக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, கொப்பியில் கிழித்த ஒரு தாளைக் காட்டினாள். கட்டில் 2, அலுமாரி 1, பிரிட்ஜ் 1, கதிரை 6. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். 2012இல் நான் எழுதிய தாளும் இப்படித்தான் இருந்தது. பார்த்தவுடனே வயிறு எரிந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆளை விசாரியுங்கள், அடையாள அட்டைப் பிரதி வாங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

எண்ணிக்கையை மட்டும் எழுதுவது

கல்லடியில் இருக்கும் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே, அம்மா பாவித்த சாமான்களும் வீட்டோடேயே வந்துவிட்டன. அதில் ஒன்று முதிரை மரக் கட்டில், தலைமாட்டில் இரண்டு மயில் செதுக்கியது. என் கணவருக்குத் திருகோணமலைக்கு வேலை மாற்றம் வந்தபோது வீட்டைப் பூட்டிப் போட மனம் வரவில்லை, ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். நல்ல மனிதர்கள். மூன்று வருசமும் முதலாம் திகதி வாடகை வந்துவிடும், ஒரு நாள் பிந்தியதில்லை.

அவர்கள் தங்களுடைய கட்டிலைக் கொண்டு வந்திருக்கிறார்கள். இடம் போதாமல் அம்மாவின் கட்டிலைத் தூக்கிப் பின் விறாந்தையில் வைத்துவிட்டார்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் அந்த விறாந்தைக்குச் சாரல் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று மாரி நனைந்து, மூன்று முறை கோடைக் கச்சான் காற்றில் காய்ந்து, நான் போய்ப் பார்த்தபோது தலைமாட்டுப் பலகை ஒரு மயிலின் கழுத்தோடு பிளந்து கிடந்தது. முதிரைக் கால்களைக் கறையான் தொடவில்லை. மெத்தைக்குக் கீழே போட்டிருந்த பலகைகள் வேறு மரம், விரலால் அமத்தினால் உமி மாதிரிக் கொட்டியது.

"அக்கா, நாங்கள் வரும்போதே வெடிப்பு இருந்தது" என்றார் அவர். இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் என் தாளில் இருந்தது "கட்டில் 3" மட்டும், வீட்டில் மூன்று கட்டில் இருந்தது, கணக்குச் சரி. அவர் பொய் சொன்னார் என்றுகூட நான் நினைக்கவில்லை, பாவிக்காத கட்டிலை அவர் ஒரு நாளும் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார். அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பலகைக்கு ஈடாகப் பழைய முதிரை தேடி இரண்டு ஆசாரிமாரிடம் அலைந்தேன், கிடைக்கவில்லை.

இத்தனை வருசம் போயும் எனக்கு ஆறாதது என்னவென்றால், விவரமாக எழுதினால் வருகிறவர் குறை நினைப்பார் என்று நான் கூச்சப்பட்டதுதான். அந்தத் தங்கச்சியும் அதையேதான் சொன்னாள், "நல்ல ஆக்கள் அக்கா, எப்படிக் கேட்கிறது?" என்று. நல்ல ஆட்களுக்கும் மூன்று வருசத்தில் எது எப்படி இருந்தது என்பது மறந்துபோகும். எழுதி வைத்தால் இரண்டு பக்கமும் மனஸ்தாபம் இல்லாமல் பிரியலாம்.

இப்போது நான் செய்வது இதுதான். வருகிறவரையும் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பேன். என்ன மரம், எந்த பிராண்ட், எப்போது வாங்கியது, இப்போதே என்ன பழுது இருக்கிறது, எந்த அறையில் நிற்கிறது, எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதுவேன். அலுமாரிக் கதவைத் திறந்து மூடி, பிரிட்ஜின் ரப்பரை இழுத்துப் பார்த்து, போனில் வீடியோ எடுப்பேன், அதில் அவருடைய குரலும் இருக்க வேண்டும். எந்தச் சாமானையும் என்னிடம் சொல்லாமல் இடம் மாற்றக்கூடாது, வீட்டுக்கு வெளியே வைக்கவே கூடாது என்று ஒரு வரி கட்டாயம். இரண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரின் கையெழுத்து. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிட்டு, நேரில் போய்ப் பார்ப்பேன்.

நாமும் நியாயமாக இருக்க வேண்டும். கல்லடி ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல் உள்ள இடம். உப்புக்காற்றில் இரும்புக் கட்டிலும் பிரிட்ஜின் அடிப்பக்கமும் ஏசியின் வெளிப்பெட்டியும் துருப்பிடிப்பதற்கு இருக்கிறவர் என்ன செய்வார்? அதற்கு அட்வான்ஸில் கை வைப்பது பாவம்.

தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்குவது

அதோடு ஒப்பந்தம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இலங்கையின் 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய "இரண்டு வருசம்" என்ற சொல்லுக்குப் பலம் இல்லை. நொத்தாரிசிடம் போகும்போது சாமான் பட்டியலையும் கொண்டுபோய் அந்த ஒப்பந்தத்துக்கே அட்டவணையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கரன்ட் பில்லை வாடகைக்குள் சேர்ப்பது

ஏசி உள்ள வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். வீட்டுப் பாவனைக்கான மின்சாரத்தில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லை. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினாலே கணக்கிடும் முறை மாறும், 180ஐத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் இன்னும் கூடிய விலை. பில் உங்கள் பெயரில்தான் வரும். வருகிற அன்றும் போகிற அன்றும் மீட்டரைப் படம் எடுத்து, இடையில் வரும் பில்லை அவரே கட்டும்படி செய்யுங்கள்.

ஒரு மாத அட்வான்ஸ்

வெறும் வீட்டுக்குச் சரி. தளபாட வீட்டுக்குக் குறைந்தது மூன்று மாதம்.

ஓர் அறையைப் பூட்டிச் சொந்தச் சாமானை வைப்பது

கறையானுக்குக் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

மனதுக்கு நெருக்கமான பொருளை விட்டுப்போவது

கொண்டுபோய்விடுங்கள். அம்மாவின் கட்டில் இப்போது திருகோணமலையில் எங்களோடு இருக்கிறது. பிளவுக்குப் பின்னால் ஒரு மரச்சட்டம் அடித்து நிறுத்தியிருக்கிறோம்.

நேற்று இரவு அந்தத் தங்கச்சி புதுப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நாலு பக்கம். "கதிரை 6" என்று இருந்த இடத்தில் இப்போது, "தேக்கு, பிரம்பு பின்னியது, ஜன்னல் பக்கம் இருக்கும் ஒன்றில் பிரம்பு மூன்று இடத்தில் அறுந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள்.