கண்மாய்க் கரையில் கேமராவோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது, பறவைகளைப் படமெடுக்க ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க்குக் கிளம்புகிறோம். நேரம் கொஞ்சம் என்பதால் வரும் முதல் தவறு, பறவையைத் துரத்துவது. மின்கம்பியில் பனங்காடை இருக்கும். நாம் பத்தடி வைத்தால் அது அடுத்த கம்பத்துக்குப் போய்விடும். கடைசியில் படத்தில் இருப்பது வாலும் முதுகும்தான்.

பனங்காடை, பஞ்சுருட்டான், கரிச்சான் மூன்றுமே பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். எந்தக் கம்பி, எந்தக் கிளை என்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். வெயில் முதுகில் படும்படி உட்கார்ந்துவிட்டால் போதும், அது வரும். காரில் போயிருந்தால் இறங்கவே வேண்டாம். ஓரமாக நிற்கும் வண்டியைவிட நடந்து வரும் ஆளைக் கண்டுதான் பறவைகள் அதிகம் மிரளும்.

வெயில் ஏறிய பிறகு போவதும் வீண். வயலில் கானல் அலையத் தொடங்கினால், எவ்வளவு நல்ல லென்ஸிலும் தூரத்துப் பறவை மங்கலாகத்தான் விழும். வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்துப் பாருங்கள், இல்லையென்றால் இறகெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 விநாடி இருக்கட்டும். கரைமேல் நின்று கீழே குனிந்து எடுக்காதீர்கள். கரையில் நிற்கும் உள்ளான் பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கிப் படுத்தால் படமே வேறு.

இதெல்லாம் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். கூட்டருகே செய்யும் தவறைத் திருத்த முடியாது. ஆட்காட்டிப் பறவை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெறும் தரையில், கற்களுக்கு நடுவே, பெரும்பாலும் 4 முட்டை இடும். கல்லா முட்டையா என்று பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அது தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், பறக்கும் படத்துக்கு நல்ல வாய்ப்பு என்று தோன்றும். நானும் ஒருமுறை அப்படி நின்று எடுத்திருக்கிறேன். அது கத்தியது முட்டைக்காக என்று பிறகுதான் புரிந்தது. கடும் வெயிலில் இந்தப் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். நாம் இருபது நிமிடம் நின்றால், அவ்வளவு நேரமும் முட்டை வெயிலில் கிடக்கும். காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். கத்தல் கேட்டதும் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

கூடு தெளிவாகத் தெரியட்டும் என்று கிளையை ஒடிப்பது இன்னும் மோசம். அந்த இலைதான் குஞ்சுக்கு நிழலும் மறைவும். முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடலாகவே கணக்கில் எடுக்கிறது.

அப்புறம், போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம். எதிரி எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கிராமங்களில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட கரையில் போய் நாம் ஸ்பீக்கரைத் திறப்பதா?

வீட்டுக்கு வந்து படத்தைப் பகிரும்போது, கூடு இருக்கும் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். போட்டால் அடுத்த ஞாயிறு அந்த மரத்தடியில் பத்து கேமரா நிற்கும்.