பிரேக் பேட் மாற்றிய கதை: என் அனுபவம்

கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் பக்கமாக இறங்கும்போது பிரேக் பெடல் கட்டை மாதிரி இறுகி நிற்கிறது, ஆனால் காடி நிற்க மாட்டேன் என்கிறது, கூடவே கருகல் வாடை. சுங்கை சிப்புட் வந்ததும் பட்டறைத் தவுக்கேயிடம் காட்டினேன். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியிருந்தால் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கும், இது பேட் (சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பட்டை) சூடு தாங்காத கேஸ் என்றார்.

ரேசிங் பேட் போடு என்றான் மச்சான். செம்பனை லோரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவனுக்கு அது எதற்கு, சூடேறினால்தான் அது ஒழுங்காகப் பிடிக்கும். பேட்டில் இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும், முதலாவது சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, அடுத்தது கடும் சூட்டில். இ-யைவிட எஃப்-க்குப் பிடிப்பு அதிகம். என் பழையது எஃப்இ, அதனால் எஃப்எஃப் செராமிக் வாங்கினேன்.

புதுப் பேட்டுக்கு இடம் விட, பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் எண்ணெய் டப்பா நிரம்பி வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும், முன்பே கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள் (நான் எடுக்கவில்லை). பெடல் இறுகும்வரை மிதித்த பிறகே காடியை நகர்த்துங்கள். அப்புறம் புதுப் பேட் படிவதற்காக ஆளில்லாத தோட்டச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு, முழுதாக நிறுத்தாமல், எட்டு பத்து முறை பிரேக் பிடித்து, சூடு ஆறும்வரை மெதுவாக ஓட்டினேன்.

போன வாரம் திரும்பக் கேமரன் போனேன், வாடையே இல்லை. இந்த முறை என்ஜினே வேகத்தை அடக்கும்படி இரண்டாம் கியரில் இறங்கினேன், அதுவும் ஒரு காரணம்தான்.