லகாடோஷ் விருதை மேற்கோள் காட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடை ஒன்றில் ஒரு தம்பி தன் முதுகலை ஆய்வு முன்மொழிவைக் காட்டினார். முதல் பக்கத்திலேயே, "லகாடோஷ் விருது பெற்ற நூலே இதை நிறுவிவிட்டது" என்று ஒரு வரி. அறிவியல் எப்படி அறிகிறது என்று ஆராயும் அறிவியல் மெய்யியல் நூல்களுக்கான விருது அது. தே தாரேக் ஆறும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் இதே வரியை, ஏறக்குறைய எழுத்து மாறாமல், நானும் எழுதியிருக்கிறேன்.

பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டை மாற்றிப் போடுவது எல்லாம் இங்கே வேண்டாம். மறுபடி படித்தால் தானே கண்ணில் படும்.

விருதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

இம்ரே லகாடோஷ் ஹங்கேரியில் பிறந்தவர். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் தர்க்கவியல் பேராசிரியராக இருந்தபோதே, 1974இல், 51 வயதில் திடீரென இறந்துபோனார். அவர் நினைவாக லாட்சிஸ் அறக்கட்டளையின் பணத்தில் 1986 முதல் இந்த விருதைக் கொடுக்கிறார்கள். தொகை 10,000 பவுண்ட். அறிவியல் மெய்யியலுக்குச் சிறந்த பங்களிப்பு செய்த நூலுக்கு அது போகிறது. "சிறந்த பங்களிப்பு" என்பதை நான் "சரியான முடிவு" என்று படித்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

முதல் ஆண்டே இருவர் வாங்கினார்கள். ஒருவர் பாஸ் வான் ஃப்ராசன். கோட்பாடு கண்ணால் காண்பதோடு ஒத்துப்போனால் போதும், எலக்ட்ரான் உண்மையிலேயே இருக்கிறது என்று நம்பித்தான் ஆகவேண்டும் என்றில்லை என்பது அவர் கட்சி. மற்றவர் ஹார்ட்ரி ஃபீல்ட். எண்கள் என்று எதுவும் இல்லை என்றவர், எண்களைத் தொடாமலே நியூட்டனின் ஈர்ப்பு விதியைச் சொல்லிக்காட்ட முனைந்தார். ஆனால் அதற்காகக் காலவெளிப் புள்ளிகள், அதாவது இடமும் நேரமும் சேர்ந்த, கண்ணால் காணமுடியாத புள்ளிகள், உண்மையில் இருப்பவை என்று வைத்துக்கொண்டார். வான் ஃப்ராசன் அதற்குத் தலையாட்டுவாரா?

எனக்கு அப்போது இது தெரியாது. வான் ஃப்ராசனை மட்டும் படித்துவிட்டு, "விருதே கிடைத்துவிட்டது" என்று முன்மொழிவை முடித்திருந்தேன். என் மேற்பார்வையாளரும், "விருது வாங்கிய நூலாச்சே, யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நேர்காணலில் வயதான ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அதே ஆண்டு அதே விருதை வாங்கிய இன்னொருவர் இதை ஒப்புக்கொள்வாரா?" இன்னொருவர் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். முன்மொழிவு திரும்பி வந்தது. ஒரு செமஸ்டர் போனது, அதற்குக் கட்டிய பணமும் போனது.

சரி, எப்படி எழுதுவது? "விருது" என்ற சொல்லை அடித்துவிட்டு, வரி நிற்கிறதா என்று பாருங்கள். 2006இல் விருது வாங்கிய இருவரில் ஒருவர் ஹாசோக் சாங். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று எல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் கரைந்திருந்த காற்றை வெளியேற்றிய தண்ணீர், கொதிக்காமலே 112 டிகிரி வரை போனதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே த லூக் என்பவர் கண்டார். அப்படியானால் நிலையான வெப்பநிலைப் புள்ளியே கையில் இல்லாதபோது வெப்பமானியை எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்று சாங் கேட்கிறார். இந்தக் கேள்வியை நீங்கள் எழுதினால் போதும், விருதைச் சொல்லவே வேண்டாம்.

வென்றவர்களெல்லாம் லகாடோஷின் சீடர்கள் என்று நினைப்பது

2001இல் வாங்கிய ஜூடேயா பேர்ல் கணினி அறிவியலாளர்.

பட்டியலில் இல்லாததைத் தாழ்வாக எண்ணுவது

ஆங்கிலத்தில் அண்மையில் வந்த தனி நூல்களுக்கு மட்டுமே இந்த விருது. தொகுப்பு நூலோ ஆய்விதழ்க் கட்டுரையோ போட்டியிலேயே இல்லை. தமிழிலோ மலாயிலோ எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தப் பட்டியலில் வராது. அப்புறம், எந்த நூலுக்கும் கொடுக்காமல் விட்ட ஆண்டுகளும் உண்டு.

பட்டியல் வரிசையிலேயே படிக்கத் தொடங்குவது

முதல் ஆண்டுப் பட்டியலில் இருக்கிறார் என்பதற்காக ஃபீல்டை முதலில் எடுக்காதீர்கள்.

மறுநாள் அந்தத் தம்பி திருத்திய பக்கத்தை வாட்சாப்பில் அனுப்பினார். "எடுத்துட்டேன் அண்ணே" என்று கீழே ஒரு வரி. திறந்து பார்த்தேன். "விருது பெற்ற" என்பதை எடுத்துவிட்டு, "உலகப் புகழ்பெற்ற" என்று போட்டிருந்தார்.