செய்தி வாசிப்பு: கேமரா ஓடுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

வேலூர் வட்டார கேபிள் சேனல்களுக்குச் செய்தி வாசிக்க வருபவர்கள் பலர், தாளைக் கண்ணால் மட்டும் மேய்ந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மற்றப் பிழைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. 'அணைக்கட்டு அருகே லாரி கவிழ்ந்தது' என்பது எழுத்தில் சரி. காதில் விழும்போது, ஏதோ அணைப்பக்கம் விபத்து என்றே பலரும் நினைப்பார்கள். 'அணைக்கட்டு ஊருக்கு அருகே' என்று தாளிலேயே திருத்துங்கள். 'ஜவ்வாது மலையில் கனமழை' என்ற வரியை மூன்று முறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; ல-வும் ழ-வும் நெருங்கி வருவதால் நாக்கு 'கனமலை' என்று புரண்டுவிடும்.

2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும், பழக்கத்தில் 'வேலூர் மாவட்டம் ஆம்பூர்' என்று செய்தி வந்து சேரும். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் மூன்றும் ராணிப்பேட்டை. குடியாத்தம், பேரணாம்பட்டு வேலூரிலேயே இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் உண்டு என்பதால், அந்தப் பெயர் தனியாக வந்தால் எது என்று கேட்டுவிடுங்கள்.

எண்களை வாசிக்கிற மாதிரியே எழுத வேண்டும்: 1,25,000 அல்ல, 'ஒரு லட்சத்து 25 ஆயிரம்'. பாலாற்றில் வெள்ளம் வரும் நாளில் '2,000 கன அடி நீர் திறப்பு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'விநாடிக்கு' என்ற சொல் விழுந்துவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கரையோரத்தில் இருப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் மாட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

பிராம்ப்டரில், அதாவது கேமராவுக்கு முன் செய்தி வரிகள் ஓடும் திரையில், வரிக்கு நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். வரி நீண்டால் கண் இடமும் வலமும் ஓடுவது வீட்டில் பார்ப்பவருக்குத் தெரியும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். அதனால் முழுச் செய்தியையும் திரையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிராம்ப்டரை ஓட்டுபவர்தான் உங்கள் வேகத்துக்கு வர வேண்டும், நீங்கள் அவர் வேகத்துக்கு அல்ல. மின்சாரமோ கணினியோ நின்றால் கைகொடுப்பது காகிதம்தான். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, பக்க எண் போட்டு, ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் மேசையில் வையுங்கள். பின் அடித்த தாளைப் புரட்டும் சத்தம் மைக்கில் விழும்.

காலர் மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் தொங்கும் சங்கிலியும் அதில் உரசி இரையும். பின்னணி பச்சைத் திரையானால் பச்சைக்கரைச் சேலை கூடாது, கரை இருக்கும் இடத்தில் பின்னணிப் படம் தெரியும்.

இரவுச் செய்தியைக் காலையில் மறுஒளிபரப்பு செய்யும் சேனலானால் 'இன்று மாலை' என்று எழுதாதீர்கள். 'செவ்வாய்க்கிழமை மாலை' என்று கிழமையைச் சொன்னால் எப்போது ஓடினாலும் தப்பாகாது.

குழந்தை பாதிக்கப்பட்ட பாலியல் வழக்கானால், போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். பெயரும் படமும் மட்டுமல்ல. முகவரி, பள்ளி, குடும்ப விவரம் என அடையாளம் காட்டும் எதுவும் வெளியே போகக் கூடாது. சின்ன ஊரில் தெருப்பெயரும் தந்தையின் தொழிலுமே போதும், பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். திரையின் கீழே ஓடும் எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். வாசிக்கும் தாளில் நீக்கிய விவரம் அங்கே அப்படியே நின்றுவிடுவது உண்டு.