பி.எஸ்சி. இயற்பியல் படிப்பைத் திட்டமிடும்போது சாய்ஸில் விடக்கூடாதவை

ஐந்தாவது செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மின்சாரத்தையும் காந்தத்தையும் இணைத்து விளக்கும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளை என் இயற்பியல் மாணவர்களை எழுதச் சொன்னேன். நான்கையும் பிழையில்லாமல் எழுதிவிட்டார்கள். "மூன்றாவது வரியில் கர்ல் என்று வருகிறதே, அது என்ன?" என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒரு மாணவி எழுந்து சொன்னாள்: "சார், அது அலைட் மேக்ஸ்ல அஞ்சாவது யூனிட். நாங்க எல்லாரும் அத சாய்ஸ்ல விட்டுட்டோம்." அலைட் மேக்ஸ் என்பது இயற்பியலோடு துணைப்பாடமாக வரும் கணிதம்.

இந்தப் பதிலை வெவ்வேறு வடிவங்களில் ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த யூனிட் பின்னால் எங்கே வரப்போகிறது என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை, அதுதான் வருத்தம்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியலின் பெரும்பாலான பேப்பர்கள் முன்பே முடிவானவை. நாமாகத் தேர்ந்தெடுப்பது சில எலக்டிவ்கள் மட்டும்தான். அதனால் 'திட்டமிட என்ன இருக்கிறது, கல்லூரி கொடுப்பதைப் படித்தால் போதும்' என்று விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். எந்தப் பேப்பர் எதற்கு அடித்தளம் என்று தெரிந்துகொள்வதே இங்கே திட்டம். சேர்ந்த வாரத்திலேயே ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழகத்தின் தளத்திலிருந்து எடுத்து அச்சிட்டு, பேனாவால் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். வெக்டர் பகுப்பாய்விலிருந்து மின்காந்தவியலுக்கு ஒரு அம்பு. வகைக்கெழுச் சமன்பாடுகளிலிருந்து அலைவுகளுக்கும் குவாண்டம் இயக்கவியலுக்கும். அணிகள், ஐகன் மதிப்புகள் பகுதியிலிருந்து மறுபடியும் குவாண்டத்துக்கு. ஃபூரியர் தொடரிலிருந்து அலைகளுக்கு. பாதி அம்புகள் அலைட் கணிதத்திலிருந்தே கிளம்புவது கண்ணில் படும்.

அந்த அலைட் கணிதத்தைத்தான் பக்கப் பாடம் என்று எல்லோரும் ஒதுக்குகிறார்கள். நாற்பது மதிப்பெண் எடுத்தால் பாஸ். பத்து மதிப்பெண் கேள்விகளில் ஐந்துக்கு மூன்று எழுதினால் போதும் என்ற வினாத்தாள் அமைப்பு இருந்தால் இரண்டு யூனிட்டைத் தொடாமலே தப்பிக்கலாம். பெரும்பாலும் விடுபடுவது கடைசியில் இருக்கும் வெக்டர் பகுப்பாய்வு. அது புரியாமல் மின்காந்தவியலுக்குப் போனால் சமன்பாடு வெறும் எழுத்துகளாகத்தான் தெரியும். கர்ல் என்பது அப்படியொன்றும் பயப்படும் விஷயம் இல்லை. ஓடும் வாய்க்காலில் கரையோரம் தண்ணீர் மெதுவாகப் போகும், நடுவில் வேகமாகப் போகும். கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னத் துடுப்புச் சக்கரத்தைப் பிடித்தால் அது சுழலும். அந்த இடத்தில் ஓட்டம் எவ்வளவு சுழற்றுகிறது என்பதன் அளவுதான் கர்ல். மாறும் காந்தப்புலத்தைச் சுற்றி மின்புலம் அப்படிச் சுழல்கிறது என்பதுதான் அந்த மூன்றாவது வரி. ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாவது இதனால்தான். மாலை மூன்றரைக்கு மேல் அந்த மாணவியும் இன்னும் நான்கு பேரும் லேபில் உட்கார்ந்து அந்த யூனிட்டை முடிக்கப் பத்து நாட்கள் ஆயின.

சில கல்லூரிகளில் முதலாண்டு அலைட் வேதியியல், இரண்டாமாண்டுதான் கணிதம். அப்படியானால் முதல் செமஸ்டர் இயந்திரவியலுக்கு வேண்டிய நுண்கணிதத்தை நீங்களே முன்கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டும். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து பிராக்டிகல். நான்கு பேர் சேர்ந்த குழுவில் ஒருவர் ரீடிங் எடுப்பார், மூன்று பேர் எழுதிக்கொள்வார்கள். ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முதலில் டெலஸ்கோப்பை ஜன்னலுக்கு வெளியே தூரத்து மரத்தின்மீது திருப்பி, பிம்பம் தெளிவாகும்வரை சரிசெய்ய வேண்டும். அப்புறம் கொலிமேட்டரின் பிளவு, அப்புறம் பிரிசம் மேடையின் மட்டம். இதையெல்லாம் யாரோ செய்துவைத்த கருவியில் உட்கார்ந்து வெர்னியரை மட்டும் படித்தவர், தேர்வில் தனியாக அதன்முன் நிற்கும்போது அரை மணி நேரத்தைத் தொலைத்துவிடுவார். சில பல்கலைக்கழகங்களில் செய்முறைத் தேர்வு ஆண்டுக் கடைசியில்தான். ஜூலையில் பக்கத்தில் நின்று பார்த்த சோதனை மார்ச் மாதத்தில் நினைவிருக்காது. உங்கள் முறையைக் கேட்டு வாங்குங்கள். ரெக்கார்டை அன்றைக்கே எழுதுங்கள்.

எலக்டிவை நண்பர்கள் கூட்டத்தோடு சேர்ந்து எடுப்பதும், மதிப்பெண் சுலபம் என்று எடுப்பதும் வழக்கம். எண்ணியல் முறைகளோ கணினி நிரலாக்கமோ பட்டியலில் இருந்தால் அதை எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மேற்படிப்பு, ஆய்வு, வேலை எதற்குப் போனாலும் அது கூட வரும். மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் பாடங்களை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம்வரை ஸ்வயம் வழியாகப் படிக்க பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2021 விதிமுறை இடம் தருகிறது. ஆனால் உங்கள் கல்லூரி ஒப்புக்கொண்டால்தான் கிரெடிட் சேரும். பதிவு செய்வதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.

மேற்படிப்பை ஆறாவது செமஸ்டரில் யோசித்துக்கொள்ளலாம் என்பது நல்ல மாணவர்களே செய்யும் தவறு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுத வேண்டிய ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதன் பாடத்திட்டத்தில் திண்மநிலை இயற்பியலும் மின்னணுவியலும் உண்டு. உங்கள் கல்லூரியில் அவை ஆறாவது செமஸ்டரில் வந்தால், வகுப்பு அதைத் தொடுவதற்குள் தேர்வே முடிந்துவிடும். ஐந்தாவது செமஸ்டருக்கு முந்தைய மே மாத விடுமுறையில் அந்த இரண்டையும் ஒருமுறை படித்து வையுங்கள். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வரும் என்பதால், தமிழ்வழியில் படிப்பவர்கள் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லை முதலாண்டிலிருந்தே நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு வரலாம்.

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக நவம்பருக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். இரண்டாமாண்டு தீபாவளி விடுமுறை முடிந்து வந்ததும் உங்களை நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். தயங்க வேண்டாம், கேட்டு வரும் மாணவரைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான்.